கெட்டி ஆயுசுப் புழுக்கள்

கொல்லைப்புறத்து அரளியில் விரல் தடிமனுக்கு அந்துப்பூச்சிப் புழுக்கள். இந்த வாரமும் பூச்சிமருந்துக்காரரை ஃபோன் செய்து வரவழைத்தாள் அந்தத் தையற்காரி.

"இதுங்களுக்குக் கெட்டி ஆயுசுக்கா! அத்தனையும் சாகுற வரைக்கும் காசு வாங்க மாட்டேன்னு வாக்கு குடுத்தாச்சு, வந்துதானே ஆகணும்? ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருங்க. மருந்து வாடை ஆகாது."

அடித்து முடித்தவர் கூடத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அவளுடைய ஊசிகளில் எல்லாம் நூல் கோத்துக் கொடுத்தார். கணவர் போன பிறகு அந்த வீட்டில் இரண்டாவது டம்ளர் நனைவது இவர் வரும் நாளில்தான்.

"கேன்ல மிச்சம் இருக்கறதையும் அடிச்சுட்டுக் கிளம்புறேன்கா. இன்னிக்குப் புது மருந்து, ஒண்ணுகூட மிஞ்சாது."

அவளுக்குப் பகீரென்றது. புழு செத்துப்போனால் இவர் எதற்கு வரப்போகிறார்?

"துணி காயுது, எடுத்துட்டு வரேன்" என்று கொல்லைக்கு ஓடினாள். மருந்தைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ரொப்பிவிட வேண்டியதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கேன் மூடியைத் திருகினாள். பதற்றத்தில் கேன் சரிந்து கையெல்லாம் வழிந்தது.

எரிச்சல் இல்லை. நிறமில்லை. தயங்கித் தயங்கி முகர்ந்தாள். வாடையும் இல்லை.

வெறும் தண்ணீர்.

உள்ளே அவர் தன் டம்ளரைத் தானே கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. வேறு ஆளில்லாத வீட்டில் தினமும் செய்கிற பழக்கம் போலும்.

மூடியைப் பழையபடி திருகிவிட்டு உள்ளே வந்தாள்.

"மருந்தை மட்டும் மாத்திடாதீங்க தம்பி" என்றாள். "எனக்கு இதுலேயே நல்லாக் கேக்குது."