விதைக்கு விட்ட பழம்

ஏழு வீட்டுக்கும் பொதுவான அந்தத் தோட்டத்தில் கோடை முடிந்து வெள்ளரிக்கொடி சருகாகியிருந்தது. அடுத்த வருசத்து விதைக்கென்று விட்ட ஒரே ஒரு பழம் மட்டும் மிச்சம். அது வெடித்துவிடாமலிருக்கப் பக்கத்து வீட்டுத் தங்கமாரி தன் பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டியிருந்தாள். மத்தியான வெயிலில் பழம் மணத்துக் கிடந்தது. தோட்டத்தில் யாரும் இல்லை. பார்க்கத்தான் துணியை அவிழ்த்தேன். வரப்பில் நின்றபடியே, சாறு முழங்கை வரை வழிய, விதையோடு தின்று தீர்த்தேன். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு, வீட்டில் துணி மடிக்கிற பழக்கத்தில் அந்தக் கிழிசலை நாலாக மடித்து, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் விதையைப் பங்கு வைக்க எல்லாரும் கூடினார்கள். நானும் போனேன். கொடி வெறுமையாகக் கிடந்தது.

"அணிலு வேலையாத்தான் இருக்கும்" என்றார் செல்லையா அண்ணன்.

தங்கமாரி கல்லைப் பார்த்தாள். அதனடியில் இருந்த மடிப்பைப் பார்த்தாள். மற்றவர்கள் கவனிக்குமுன் துணியை உருவி, கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, அணிலுதான்" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, என் முழங்கையில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு விதையை யார் கண்ணிலும் படாமல் நகத்தால் பெயர்த்தெடுத்தாள்.

"கொடிக்கடியில ஒண்ணு கெடந்துச்சு" என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள்.

செல்லையா அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் காட்டி, "அத நம்ம தங்கச்சி கையாலயே ஊனச் சொல்லுவோம். ராசியான கை" என்றார்.

தங்கமாரி அந்த விதையை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள்.