இருபத்தெட்டாம் நாள்

"பன்னெண்டு மணிக்கு உங்க கேரவன் கேட்டைத் தாண்டியிருக்கணும். பன்னெண்டு அஞ்சு இல்ல, பன்னெண்டு."

சொல்லிவிட்டு மழைக்கோட்டோடு அங்கேயே நின்றார் ஹோல்ராய்ட். யார்க்‌ஷயர் கடற்கரையில் காரில் கட்டி இழுத்து வந்து விடுமுறைக்குத் தங்கும் சக்கர வீடுகளாக ஐம்பது கேரவன்கள் நிற்கும் அந்தத் திடலுக்கு அவர்தான் மேலாளர். சிரிப்பதும் விதிமீறல் என்று நினைக்கிற முகம்.

லின்சி குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். எட்டு மாத ஆல்ஃபிக்கு மூன்று நாளாக இருமல்.

"குழந்தைக்கு நெஞ்சுல சளி சார். ஒரே ஒரு வாரம்..."

"இருபத்தெட்டு நாளுக்கு மேல யாரும் தொடர்ந்து தங்கக் கூடாது. வந்த அன்னிக்குப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

படித்தாள்தான். அன்றைக்கு இருபத்தெட்டு நாள் என்பது ரொம்ப தூரத்தில் இருந்தது.

குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். குறைந்த வாடகைக்குக் கவுன்சில் கொடுக்கும் வீட்டுக்கு இவர்களுக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. மாமாவின் கொல்லையில் பாசி பிடித்துக் கிடந்த கேரவனைக் கேட்டு வாங்கி வந்து கழுவினான் கார்ல், அவள் புருஷன்.

"யார் கேட்டாலும் லீவுன்னு சொல்லு. குழந்தையைச் சின்னதுலயே கேரவனுக்குப் பழக்கலாம்னு வந்தோம்னு சொல்லு."

சொன்னாள். பக்கத்துக் கேரவன் டோரீன் நம்பினாள். இருபது வருஷமாகக் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவள். நம்பாமல் என்ன செய்வாள்? வந்த அன்றே கார்ல், மூலைக்கொன்றாக இருக்கும் நாலு இரும்புக் கால்களையும் இறக்கி, அவற்றை வைத்தே வண்டியைத் தூக்கி மட்டம் பார்க்கப் போய், ஒரு காலை வளைத்து வைத்தான்.

"அது வண்டி ஆடாம இருக்கறதுக்கு, தம்பி. தூக்கறதுக்கு இல்ல. சக்கரத்துக்கு அடியில பலகையைக் கொடு," என்றாள் டோரீன். அத்தோடு விட்டாளா, திடல் முழுக்கப் போய்ச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள்.

சிரிப்பு மூன்று வாரம் தாங்கியது. அப்புறம் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. இஸ்திரிப் பலகை. குளிர்காலக் கோட்டுகள். விடியற்காலையில் மீன் ஆலைச் சீருடையோடு கிளம்புகிற கார்ல். போன செவ்வாய்க்கிழமை, குழந்தையை எடை பார்க்க அரசாங்க நர்ஸ் காரில் வந்து இறங்கினாள்.

"லீவுக்கு வந்த இடத்துலயுமா கண்ணு எடை போடுவாங்க?" என்று கேட்டாள் டோரீன்.

லின்சிக்குப் பொய் வரவில்லை. டோரீன் மேலாளரிடம் கூடப் போகவில்லை. நேரே திடலின் முதலாளிக்கே ஃபோன் போட்டாள்.

இப்போது ஜன்னலைப் பாதி திறந்துகொண்டு, தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காத கண்ணு. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆளாளுக்கு இங்க குடித்தனம் நடத்த ஆரம்பிச்சா நாங்கல்லாம் எங்க போறது, சொல்லு?"

நீங்கள் எங்கே போவீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்து தொலைக்குமே.

கரண்ட் வயரை ஹோல்ராய்ட் தன் கையாலேயே பிடுங்கினார். உள்ளே ஹீட்டர் அடங்கியது. குளிர் உடனே கதவருகில் வந்து நின்றது.

"பலகையை எடுங்க. தண்ணிக் குழாயை எடுங்க. ஒரு துணி கிளிப் கூட இங்க கிடக்கக் கூடாது."

"ஏன் சார் கத்துறீங்க? போயிட்டுத்தானே இருக்கோம்," என்றான் கார்ல்.

"கத்தினாத்தான் எல்லாருக்கும் கேக்கும்."

கேட்டது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். ஒருத்தராவது குடையோடு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டுமே, ஊஹும். கேரவனின் வளைந்த காலைத் தூக்க முடியாமல் கார்ல் சேற்றில் மண்டியிட்டு மல்லுக்கட்டியபோது, யாரோ சிரித்தது கூடக் கேட்டது.

கேட்டில் ஹோல்ராய்ட் பதிவேட்டை நீட்டினார்.

"வெளியேறிய நேரம், பகல் பன்னெண்டு. கையெழுத்து."

கார்ல் போட்டான். கேரவனை இழுத்துக்கொண்டு கார் வெளியே வந்ததும் பின்னால் தடுப்புக் கம்பி இறங்கியது. சாலை ஓரத்தில் நிறுத்தினான். இடது பக்கம் ஊர். வலது பக்கம் கடல்.

"எந்தப் பக்கம் லின்?"

"கரண்ட் எங்க இருக்கோ அந்தப் பக்கம்."

அப்படி ஒரு பக்கம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பின்சீட்டில் ஆல்ஃபி இருமினான். இருமி முடித்து மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ கிழிவது போல் ஒரு சத்தம்.

"ஆஸ்பத்திரியில கார் நிறுத்துற இடத்துல போய் நிப்பாட்டு," என்றாள் லின்சி. "ராத்திரி மூச்சு வாங்கினா, பக்கத்துலயாவது இருப்போம்."

கார்ல் சாவியில் கை வைத்தான். கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ஹோல்ராய்ட். மழைக்கோட்டுக்குள் அதே பதிவேடு.

லின்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கினாள். "இன்னும் என்ன? அதான் கிளம்பிட்டோமே. ரோட்டுலயும் நிக்கக் கூடாதா?"

அவர் மழையில் நனையாமல் பதிவேட்டைக் குனிந்து மறைத்துப் பிடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார்.

"வாங்க, வணக்கம். வந்த நேரம் பன்னெண்டு அஞ்சு. எங்க திடல்ல இருபத்தெட்டு நாள் வரைக்கும் தங்கலாம். துணி துவைக்கிற அறைக்குப் பின்னால ஒரு இடம் இருக்கு, குழந்தைக்கு வெதுவெதுன்னு இருக்கும். உங்க பேரைச் சொல்லுங்க."