ஊற்றுப் பாதையில் படுத்திருந்த ஆமை

மலையடிவாரத்தில் விலங்குகள் தண்ணீர் குடிக்க ஓர் ஊற்றும் ஒரு குளமும் இருந்தன. இரண்டுக்கும் ஓர் ஆமைதான் காவல். எந்தத் தண்ணீர் நல்லது என்று மலைமேல் இருந்த யானைகள் முடிவு செய்யும். அதைக் காகம் வந்து ஆமையிடம் சொல்லும்.

"ஊத்துல நோய் இருக்கு. எல்லாரையும் குளத்துல குடிக்கச் சொல்லு" என்று கோடையில் காகம் சொல்லிப்போனது. அன்றிலிருந்து ஆமை ஊற்றுக்குப் போகும் பாதையை அடைத்துப் படுத்துவிட்டது.

ஒரு காலையில், குட்டியோடு வந்த பெண்மான் கெஞ்சியது. "குளத்துத் தண்ணி நாறுது அண்ணே. இன்னிக்கு மட்டும் ஊத்துக்கு விடுங்க."

"உன் பிள்ளைக்காகத்தான் தாயி சொல்றேன். மேலேயிருந்து வந்த உத்தரவு" என்றது ஆமை. அது வழிவிடவில்லை. குட்டி குளத்தில் குடித்தது.

மறுநாள் குட்டி எழுந்திருக்கவில்லை. மான் மட்டும் தனியாக ஊற்றுப் பாதைக்கு வந்தது.

அன்று காகம் வேறு வேலையாக அந்தப் பக்கம் பறந்து வந்தது. "இன்னுமா இங்க படுத்திருக்க? ஊத்து சுத்தமாயிடுச்சு. இப்ப குளம்தான் கெட்டுப்போச்சு. போன பௌர்ணமிக்கே முடிவை மாத்திட்டாங்களே!"

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"இந்தப் பக்கம் வர்ற எருமைகிட்ட சொல்லிவிட்டேனே. எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு யானைங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

எருமை வழியில் ஒரு சேற்றைக் கண்டு இறங்கியிருந்தது. இன்னும் கரையேறவில்லை.

ஆமை பாதையிலிருந்து மெதுவாக விலகியது. மான் ஊற்றுக்குப் போகவில்லை. அது யானைகளை ஒருநாளும் பார்த்ததில்லை. காகத்தையும் அதற்குத் தெரியாது. அது ஆமையையே பார்த்துக்கொண்டு நின்றது.