முப்பது வருடம் பறந்தவள்

விமானி வேலைக்கான பயிற்சிக்குப் போயிருந்த மெர்லின் ஒன்றரை மாதம் கழித்துத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தாள். அந்த ஒன்றரை மாதத்துக்குள், பயிற்சி அறையில் உட்கார்ந்தபடியே, ஒரு நாளை மனசுக்குள் பல மாதங்களாக நீட்டும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவள் முப்பது வருடம் விமானம் ஓட்டி முடித்திருந்தாள். புயலில் இறக்கியிருக்கிறாள், இன்ஜின் அணைந்தும் இறக்கியிருக்கிறாள். இனி நிஜ விமானத்தில் ஏறவேண்டியதுதான் பாக்கி.

வாசலுக்கு ஓடிவந்த அம்மா ஜெசிந்தா தயங்கி நின்றாள். முகம் அதே இருபத்திரண்டு வயது முகம்தான். ஆனால் செருப்பை மூலைக்கொன்றாக எறிந்துவிட்டு வரும் பிள்ளை, இன்று வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "சாயங்காலம் மழை வரும்மா, துணிய எடுத்துருங்க" என்றாள். அந்த நிதானம் அவர்கள் வீட்டில் யாருக்குமே இருந்ததில்லை.

சாப்பாடு போடும்போது ஜெசிந்தா மெல்லக் கேட்டாள்.

"அந்த முப்பது வருசத்துல நான் எங்க இருந்தேன்?"

"நீங்க இல்லம்மா. அங்க விமானமும் வானமும் மட்டுந்தான். ஒண்ண இறக்குனா அடுத்தத ஏத்தணும்."

"நீ போனே பண்ணலன்னு நான் கோவமால்லா இருந்தேன்."

மெர்லின் சோற்றில் கை வைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சின்ன வயசாம்மா உங்களுக்கு?" என்றாள். "திரும்பி வரும்போது நீங்க இருக்க மாட்டீங்கன்னே நெனச்சிட்டேன்."

ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்தாறுதான். தன்னைவிட மூத்த ஒருத்தி மகளின் கண்களுக்குள்ளிருந்து தன்னைப் பார்க்கிறாள். ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். மெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்க மனமில்லாமல் அதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.