மொய்க்கு ஒரு தலைப்பு

புதிதாக வந்த கணக்குச் செயலியைக் கண்டாலே புனிதா வீட்டுக் கணக்கு நோட்டுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷக் கணக்கையும் புனிதா அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்தால் தன் கதி என்ன?

“அக்கா, நாத்தனார் வீட்டு மொய்னு இருக்கே, அதை எந்தத் தலைப்புல போட?” என்றது செயலி.

மொய் நாளைக்குத் திரும்பி வரும் பணம் என்பது நோட்டுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் திட்டு வாங்கட்டும் மினுக்கி என்று, “வெட்டிச் செலவுடி, அதுல போடு” என்றது.

செயலியும் அப்படியே போட்டது. புனிதா பார்த்தாள். கணவனைக் கூப்பிட்டாள்.

“உங்க சொந்தக்காரங்களுக்கு அழுததை எதுல போட்டிருக்கு பாருங்க. எவ்வளவு புத்திசாலி! இந்த நோட்டு ஒரு நாளாவது சொல்லுச்சா? பழைய பேப்பரோட கட்டிப் போடுங்க.”