லூர்துசாமிக்கு ஒரு பதிவுத் தபால்

பிரிக்க எடுத்த தபால் கட்டுக்குள் ஏழாவதாக இருந்தது அந்தக் கவர்.

அவள் கை நின்றுவிட்டது.

பதிவுத் தபால். அனுப்பியது கோட்ட அலுவலகம். முத்திரையில் வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் தேதி. பெறுநர், ஆ. லூர்துசாமி, சூசையப்பர் தெரு.

சூசையப்பர் தெரு, தபால்காரியான அவள் தினமும் தபால் கொடுக்கப் போகும் பீட்.

லூர்துசாமி ஐந்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பதினாறு நாளாகத் தேங்கிக் கிடந்த தபால் பைகளின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. இருபத்திரண்டு வருடமும் தற்காலிகம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும். இதே மாதிரிக் கவர் காலை ஏழரைக்கே பக்கத்து ஊரில் இரண்டு பேர் கைக்குப் போய்விட்டது. இருவரும் தற்காலிகம். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று ஒன்றரை வரி.

வேலைநிறுத்தம் நடந்ததால்தான் இது இன்னும் இவரிடம் போய்ச் சேரவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டேன் என்றுதான் லூர்துசாமி முதலில் சொன்னார். அவள்தான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாள். அவர் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். "நீ கூப்பிட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டையைத் தேய்த்து மாட்டி அனுப்பி வைத்தாள்.

போராட்டப் பந்தலில் சங்கத்தின் கோட்டச் செயலாளர் அரங்கநாயகம் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "லூர்து மேல ஒரு துரும்பு விழுந்தா, அது முதல்ல என் மேல விழும்."

அன்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் அவள்.

அரங்கநாயகம் இப்போது மேஜை மேஜையாக லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தம் முடிந்த வெற்றி லட்டு.

அவள் கவரை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"தோழர், இது என்ன?"

அவர் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒப்பந்தத்துல இவங்களைச் சேக்கலையா?"

"நிரந்தர ஊழியர் மேல நடவடிக்கை இல்லைன்னு எழுதி வாங்கியாச்சு. தற்காலிகத்துக்கு ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்காக மத்த நாலு கோரிக்கையையும் விடச் சொல்றியா?"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா போராட்டத்தை முடிக்க விட்டிருப்பீங்களா?"

தபால் பிரிக்கும் சத்தம் ஒவ்வொரு மேஜையாக அடங்கியது.

அடுத்த மேஜைத் தபால்காரர் குற்றாலிங்கம் பாதி கடித்த லட்டைக் கீழே வைத்தார்.

"கருமாதிக்கு வடைதான தோழர் போடுவாங்க? நீங்க லட்டு போடுறீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

அரங்கநாயகம் குரலைத் தணித்தார். "இதோ பாரும்மா. ஆர்டர் கைக்குப் போகாத வரைக்கும் மேல பேசிப் பாக்கலாம். இப்ப வந்துருச்சு. ஆளும் இங்கயே இருக்காரு. கையெழுத்தை வாங்கிட்டுக் குடுத்துரு. நீயே குடுத்தா அவருக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

ஆறுதல்.

லூர்துசாமி எழுந்தார். கத்தியை மடக்கினார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"குடு தங்கச்சி. உன் மேல என்ன தப்பு இருக்கு?"

கையெழுத்துப் போடப் பேனாவுக்காகக் கை நீட்டினார்.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை.

பதினெட்டு வருடத்தில் ஒரு தபாலில்கூட அவள் பொய் எழுதியதில்லை. வெயிலுக்குப் பயந்து, தெருவுக்கே போகாமல் 'ஆள் இல்லை' என்று எழுதியவர்களோடு சண்டை போட்டிருக்கிறாள்.

கவரைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எழுதினாள்.

கதவு பூட்டியிருந்தது. தகவல் சீட்டு வைக்கப்பட்டது.

தேதி. கையெழுத்து.

மணி எட்டு ஐம்பது. இன்னும் ஒருவர்கூட பீட்டுக்குக் கிளம்பவில்லை. பூட்டிய வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்காமல் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கதவு பூட்டியிருந்தால் பதிவுத் தபால் ஏழு நாள் அலுவலகத்திலேயே இருக்கும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

அரங்கநாயகத்துக்கும்.

"பொய் ரிப்போர்ட்டும்மா இது. தெரிஞ்சா உன் வேலையே போயிரும்."

"நான் நிரந்தரம்தான தோழர்? எனக்குன்னா பேசுவீங்கல்ல? ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுங்க."

குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள்.

கவரைக் கொண்டுபோய் போஸ்ட்மாஸ்டர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். லூர்துசாமியைப் பார்த்தார்.

"வீடு பூட்டியா இருந்துச்சு?"

"நானும் பாத்தேன் சார்," என்றார் குற்றாலிங்கம். "பெரிய பூட்டு."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பறையைத் திறந்து கவரை உள்ளே வைத்தார்.

"ஏழு நாள்தான்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அரங்கநாயகம் ஃபோனை எடுத்தார். எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

ஒன்பதரைக்கு எல்லாப் பைகளும் நிரம்பிவிட்டன. வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன.

யாரும் கிளம்பவில்லை.