சொன்னபடி ஊற்றிய தண்ணீர்

அந்த வீட்டில் மாமியார் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் எவரும் வாய் திறக்கக் கூடாது. அவ்விதியை யாரும் அறிவித்ததில்லை, மீறியதும் இல்லை.

கண்காட்சிப் பரிசுக்கென அவர் பேணிவந்த சதைப்பற்றுச் செடிகள் இலையுதிர்க்கத் தொடங்கியபோதும் முடிவு உடனே பிறந்தது.

"தண்ணி பத்தல. தினம் ரெண்டு வேளை ஊத்து."

"சரிங்க அத்தை," என்றாள் மருமகள்.

இலைகள் மஞ்சளித்து, கண்ணாடிபோல் ஒளிபுகத் தெரிந்து, தொட்டாலே உதிர்ந்தன.

"இன்னும் ஊத்து! உன் கை பட்டா எதுதான் விளங்கும்?"

"சரிங்க அத்தை."

கண்காட்சிக்கு முதல் நாள் தண்டுகள் கறுத்துச் சாய்ந்தன. பதறிப்போன மாமியார் தோட்டக்கலை நிலையத்தைத் தாமே அழைத்தார். மறுமுனைக் குரல் ஸ்பீக்கரில் கூடமெங்கும் கேட்டது.

"இந்தச் செடிங்களுக்கு எங்ககிட்ட ஒரே ஒரு மேடம்தான் இருந்தாங்க. இலையைப் பார்த்ததுமே காரணம் சொல்லிடுவாங்க. கல்யாணமானதும் மாமியார் வேலையை விடச் சொல்லிட்டாங்களாம். அவங்க இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

மாமியார் மெல்லத் திரும்பினார். தாம் விடச் சொன்ன வேலை என்னவென்று அவர் அதுவரை கேட்டதே இல்லை. மருமகள் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி அதிகமாகி வேர் அழுகிடுச்சு அத்தை. முதல் இலை விழுந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா ஊத்தின?"

"தெரிஞ்சுதான் ஊத்தினேன். நாளையிலிருந்து மறுபடி வேலைக்குப் போறேன்."

"போகக் கூடாது. சொல்லிட்டேன்!"

"கேட்டுச்சு அத்தை," என்றாள் மருமகள். "ஆனா போறேன்."